முப்பத்துநான்கு

மூன்று நாள் வடக்கிலிருந்து அடித்தது.
நான்காம் நாள் காற்று மேற்கே திரும்பி
கடலின் முதுகைத் தடவிக்கொடுத்தது.
அலை இன்னும் இறங்கவில்லை, ஆனால்
இறங்கச் சம்மதித்துவிட்டது.

இதற்காகத்தான் காத்திருந்தேன்.
தெளிந்த நீரில் காட் மீன் கரைக்கு வராது.
கொந்தளிப்பில் ஈயக்குண்டு நிற்காது.
இரண்டுக்கும் நடுவே ஒருநாள், சிலசமயம் அரைநாள்,
ஆறிப்போன டீயின் நிறத்தில் கடல் கிடக்கும்.
மணலுக்குள்ளிருந்து பிய்ந்த புழுக்கள் உருண்டு திரியும்.
அப்போது வரும்.
அக்டோபர் கடைசி. பெருக்கு ஏழு நாற்பதுக்கு.
என் ஷிஃப்ட் ஐந்தரைக்கு முடியும்.
இத்தனையும் ஒன்றாக அமைவது
பத்துப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கடினம்.

சீஹாமில் மணலோடு நிலக்கரித் தூள்.
சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம்,
இன்னும் பூட்ஸ் கறுக்கிறது.
துறைமுகச் சுவரின் கதவைப் பூட்டியிருந்தார்கள்;
அலை ஏறும் நாளில் பூட்டுவார்கள், அதுவும் நல்லதே.
கரையில் நின்று வீசினேன்.
பக்கத்தில் பார்சல் வேன் ஓட்டும் ஹேஸல்.

அவள் என்னைக் கடற்கரைக்காரி என்று நினைத்திருந்தாள்.
நாமக்கல், என்றேன். முட்டை. லாரி.
கடலை முதலில் பார்த்தது இருபத்துமூன்று வயதில்,
வேலைக்கு இன்டர்வியூ போன சென்னையில்,
பஸ் ஜன்னல் வழியாக, மூன்று நிமிடம்.
தூண்டிலைத் தொட்டது இங்கே,
விவாகரத்துக்கு அடுத்த வாரம்,
யூடியூப் பார்த்து.

வாடை என்று பள்ளியில் படித்திருக்கிறேன்.
பிரிந்தவளை வாட்டும், கதவிடுக்கில் நுழையும்,
அதற்கு வேறு ஜோலியே கிடையாது என்று நினைத்திருந்தேன்.
இங்கே அது புழுவைக் கிளப்புகிறது,
மீனைக் கரைப்பக்கம் தள்ளுகிறது.
பிரிந்தவள் நெற்றியில் விளக்குக் கட்டி
இரண்டு ஜோடிக் காலுறையில் நின்று
நன்றி சொல்கிறாள்.

முதல் வீச்சு, பாசி.
அடுத்ததும் பாசி, குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடிபோல.
பிறகு ஒரு நண்டு இரையைத் தின்று
கொக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தது.
வைட்டிங் இரண்டு, என் கையைவிடச் சின்னது.
காது குளிரில் கழன்றுவிடும் போலிருந்தது.

ஏழரைக்குத் தூண்டில் நுனி இருமுறை குனிந்தது.
பாசி இப்படிக் குனியாது.
நரம்பு சட்டென்று தொய்ந்தது.
சுருட்டினேன்.
அலை தந்தது, பிடுங்கியது, தந்தது.
நுரைக்குள் ஒரு வெள்ளை வயிறு.

காட். பழுப்பில் புள்ளி, கீழ்த்தாடையில் ஒற்றை முடி,
யாரையும் பார்க்காத கண்.
ஈரப் பலகையில் கிடத்தினேன்.
முப்பத்துநான்கு.
வைத்துக்கொள்ள முப்பத்தைந்து வேண்டும்.

ஹேஸல் குனிந்தாள்.
வாயை மூடு, வாலை இரண்டு விரலால் குவி,
வந்துவிடும் பார்.

வந்துவிடும். எனக்குத் தெரியும்.
பகலெல்லாம் நான் செய்வதே அதுதான்:
மங்கிய அறையில், ஜெல் தடவிய வயிற்றில்,
சாம்பல் நிழலின் இரு ஓரத்திலும்
கூட்டல் குறி வைத்து
நடுவிலுள்ள தூரத்தை எழுதுவது.
இன்று பதினொன்றேகாலுக்கு ஒருத்தி
திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.
ஒரு குறியைக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தால்
அவள் ஒரு வாரமாவது தூங்கியிருப்பாள்.

தள்ளவில்லை.

அலை பின்வாங்கும்போது மீனை இறக்கினேன்.
ஒரு கணம் என் இரு பூட்ஸுக்கும் நடுவே நின்றது.
பிறகு பழுப்புக்குள் பழுப்பு.

பைத்தியமே, என்றாள் ஹேஸல், பிளாஸ்க்கைத் திருகியபடி.
ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாய்?
முட்டை, என்றேன்.
சிரித்ததில் டீ அவள் கையுறையில் கொட்டியது.

நாளைக்கு நீர் தெளிந்துவிடும்.
இன்றைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.
டப்பாவைத் திறந்து
இருப்பதில் கொழுத்த புழுவைத் தேடினேன்,
விரல் மரத்துப்போய்
எது புழு எது விரல் என்று தெரியாமல்.