எட்டாவது ஆள்

கபடிக்கு ஏழு பேர்.
நான் எட்டு.
கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில்,
நிலோஃபரின் நீலப் பையோடு நிற்பது என் வேலை.

பையில் இருப்பதெல்லாம் மனப்பாடம்:
விரலைக் குத்தும் பேனா, சர்க்கரை பார்க்கும் மெஷின்,
ஈரத்துணியில் சுற்றிய இன்சுலின்,
குளுக்கோஸ் பொடி, உப்பு பிஸ்கட்,
ஸ்கெட்ச் பேனாவில் அவள் அம்மாவின் நம்பர்.
ஒரு மழையில் நனைந்ததிலிருந்து
அதில் எட்டு மட்டும் மூன்றாகத் தெரியும்.

ஐந்தாம் வகுப்பில் வந்தது அவளுக்கு.
"இனிமே ஓடாதே" என்றது
மேல்விஷாரத்தில் அவள் தெரு மொத்தமும்.
வேலூர் டாக்டரம்மா மட்டும்
"ஓடட்டும், பார்த்து ஓடட்டும்" என்று
ஒரு தாளில் எழுதித் தந்தார்.
ஆற்காடு பஸ் ஸ்டாண்ட் கடையில்
என் இருபது ரூபாயில் லேமினேட் ஆன தாள் அது.

இறங்குமுன் குத்திப் பார்.
நூறுக்குக் கீழே என்றால் தின்றுவிட்டு இறங்கு.
இருநூற்றைம்பதைத் தாண்டினால்
டீச்சரிடம் சொல், கீட்டோன் பார், உட்கார்.
ஓடுகிற நாளில் தொடையில் ஊசி வேண்டாம்,
வயிற்றில் போடு.

தாளில் இல்லாத ஒன்று உண்டு.
அவள் சர்க்கரை இறங்கினால்தான்
நான் கோட்டுக்குள் ஏறுவேன்.
அதை நினைத்தபடியே
மெஷினை எட்டிப் பார்த்திருக்கிறேன்.
நூற்றெழுபது என்று வந்தால்
"சூப்பர்டி" என்பேன்.
வாய் சொல்லும்.

ராணிப்பேட்டை மைதானம்.
எங்கள் பக்கம் வெயில் மாதம் பார்ப்பதில்லை;
ஆவணியிலும் மண் உள்ளங்காலைத் தள்ளியது.
எதிரே சோளிங்கர்ப் பெண்கள்.
பதினெட்டுக்குப் பதினெட்டு.

நிலோஃபர் பாடப் போனாள்.
கபடி கபடி கபடி
அதில் ஒரு 'ப' தடுக்கியது.
யாருக்கும் கேட்கவில்லை.
திரும்பி வந்தவள்
அவிழ்ந்த ஜடையை முடியப் போய்
இரண்டுமுறை பிடித்து, இரண்டுமுறை விட்டாள்.
எல்லோருக்கும் வேர்த்தது.
இவள் வேர்வை வேறு.

என்னைப் பார்த்தாள்.
சொல்லாதே என்றது கண்.

சொன்னால்,
"இவளுக்கு ஆடணும், அதான்" என்பார்கள்.
அதில் பாதி உண்மை.
அந்தப் பாதியை விழுங்குவதற்குள்
சோளிங்கர்க்காரி ஒருத்தி பாடிவிட்டுப் போய்விட்டாள்.
முப்பது விநாடி.

"டீச்சர்! டைம் அவுட்!"

அறுபத்தொன்று.

குணவதி டீச்சர் முகம் வெளுத்தது.
யாரோ ஒருவர் டப்பாவைத் திறந்து
மக்கன் பேடாவை நீட்டினார்.
"இனிப்புதானேம்மா?"
"நெய்யும் கோவாவும் மெதுவா விடும், அங்கிள்.
இப்போ வேகமா ஏறணும்."
பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன்.
என் கையும்தான் நடுங்கியது.
"பதினைஞ்சு நிமிஷம். அப்புறம் திரும்பக் குத்தணும்."
தம்ளருக்கு மேலே அவள் கண்கள்
என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தன.

நான் இறங்கினேன்.
இரண்டு வருஷமாகக் கனவில் பாடிய பாட்டு
நான்கே எட்டில் முடிந்தது.
என் கணுக்காலை ஒருத்தி
தொலைந்து கிடைத்த சாவி மாதிரிப் பிடித்தாள்.

அவள் நூற்றிரண்டுக்கு வந்து
பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது
விசில் ஊதிவிட்டார்கள்.
மூன்று புள்ளியில் தோற்றோம்.

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோதுதான்
வாயைத் திறந்தாள்.
"எப்போ தெரிஞ்சது உனக்கு?"
"ஒரு பாட்டுக்கு முன்னாடி."
ஆற்றில் தண்ணீர் இல்லை.
இருப்பதுபோல இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.
"எனக்கு ரெண்டு பாட்டுக்கு முன்னாடி" என்றாள்.

ஓடிய நாளின் கணக்கு
சில சமயம் தூக்கத்தில் வந்து நிற்கும்.
அதுவும் தாளில் இருக்கிறது, கடைசி வரியாக.
ராத்திரி இரண்டு மணி.
அப்பாவின் போனை எடுத்து
மூன்றாகத் தெரியும் எட்டை
எட்டாகவே அழுத்தி
ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

நேரம் பிடித்தது.
சுவரில் பல்லி ஒரு முழம் நகர்ந்தது.
பிறகு வந்தது:
"நூற்றுப் பதினெட்டு.
தூங்குடி, எட்டு."