மூச்சுக் கணக்கு

குந்துகாலில் ஞாயிறு விடியுமுன்
முதலில் செய்வது
குறடெடுத்துத் தூண்டிலின் எதிர்முள்ளை நசுக்குவது.
"பாதி மீன் தப்பிச்சிரும்டா" என்பான் சதக்கு.
தப்பட்டும்.
என் வீட்டில் உலை அதை நம்பிக் கொதிக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள்
ராமநாதபுரம் கேணிக்கரையில் ரத்தம் எடுக்கிறேன்.
"எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லிச் சொல்லி
எறும்புகளுக்கே என்மேல் வருத்தம்.
ஏழாம் நாள்
சொல்லாமல் குத்துகிறேன்.

போன தையில் ஒரு பாறை மீன்.
முழங்கை நீளம், வாலில் மஞ்சள்.
அது இழுத்தது, நான் இழுத்தேன், கால் மணி நேரம்.
காய்ந்த மணலில் கிடத்தி முள்ளைத் திருகி எடுத்து
தாடையில் விரல் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன்.
"சிரி" என்றான் சதக்கு. என்னைத்தான்.
இன்னொன்று. வெளிச்சம் முகத்தில் விழட்டும். இன்னொன்று.
பிறகு பெரிய மனது பண்ணிக்
கடலுக்குள் எறிந்தேன்.
போய்விட்டது. வாலசைத்து, ஆமாம், போய்விட்டது.
அன்றிரவு நூற்றுப் பதினாறு பேருக்கு
அது பிடித்திருந்தது.

மறுநாளும் விடுமுறை.
கரையில் மறந்த குறட்டைத் தேடிப் போனேன்.
பாசி எடுக்க இறங்கிய நம்புத்தாய்
இடுப்பளவு நீரில் நின்று கூப்பிட்டாள்:
"நேத்து நீ விட்டது இங்க கிடக்கு."
குறடு என்று நினைத்து ஓடினேன்.

பாசிக்கொத்தில் சிக்கி, கண் வெளுத்து.
விலாவில் செதிலும் வழவழப்பும் போன இடம்
என் ஐந்து விரல் அகலம்.
நண்டுகள் அங்கேதான் தொடங்கியிருந்தன.

அவள் அதற்குள் முங்கிவிட்டாள்,
விரல்களில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி.
நானும் ஏனோ மூச்சை அடக்கினேன்.
இருபத்தெட்டில் நெஞ்சு முட்டியது.
முப்பதில் விட்டுவிட்டு வெறுமனே எண்ணினேன்.
நாற்பது.
அவள் இன்னும் கீழே, கல்லிடுக்கில் கைவிட்டு.
ஐம்பத்தொன்றில் தலை தெரிந்து
அவள் ஊதிய மூச்சு
எனக்கில்லாத செவுளில் கேட்டது.

அதிலிருந்து இப்படித்தான்:
மீன் வெளியே என்றால் என் மூச்சு உள்ளே.
எனக்கு முட்டும்போது அதற்கு எப்போதோ முட்டியிருக்கும்.
கையை நனைக்காமல் தொடுவதில்லை.
பெரும்பாலும் தூக்குவதே இல்லை. தண்ணீருக்குள்ளேயே
முள்ளைக் கழற்றி, வயிற்றுக்கடியில் ஒரு கை தாங்கி
நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்திருப்பேன்,
செவுள் திறந்து மூடி, திறந்து மூடி,
அதுவாக என்னை உதறும் வரை.
சதக்கின் போனில் இப்போதெல்லாம்
என் முதுகுதான் இருக்கிறது.

"விடுறதுக்கா பிடிக்கிற?" என்று கேட்டாள் நம்புத்தாய் ஒருநாள்,
சாக்கிலிருந்து தண்ணீர் வடிய வடிய.
பதில் வரும் என்று நானும் நின்றேன்.
வரவில்லை. பாசி ஏற்றும் வண்டி வந்தது.
அவள் போய்விட்டாள்.

நேற்று ஒரு விளமீன்
முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தது.
செவுளோரம் ரத்தம். எனக்குத் தினமும் பழகிய நிறம்,
மூடி போட்ட குழாயில் அல்ல, கையில்.
விட்டால் அது சாகும், நான் நல்லவனாவேன்.
அவ்வளவுதான் நடக்கும்.
ஈரத்துணியால் கண்ணை மறைத்து
கண்ணுக்குச் சற்றுப் பின்னால், உச்சியில், கட்டையால்
ஒரே அடி.
எறும்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
துடுப்பு விறைத்து விரிந்து
தளர்ந்தது.
நம்புத்தாயிடம் நீட்டினேன். செவுளைத் தூக்கிப் பார்த்து
"குழம்புக்கு ஆகும்" என்று வாங்கிக்கொண்டாள்.

இன்று திங்கள்.
உச்சிப்புளியிலிருந்து ஒரு சிறுமி, ஒல்லிக் கை,
நாளம் கிடைக்கவே இல்லை.
தடவித் தடவி, கட்டை இறுக்கி,
ஊசி இறங்கிக் குழாயில் சிவப்பு ஏறும்வரை
அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் கேட்டாள்:
"குத்துனது என்னையத்தான.
நீங்க ஏன் மூச்ச பிடிச்சீங்க?"