பச்சைக்குக் கெசையா

படம் நான்கு. எண்பத்தொன்றாம் பக்கத்துக்கு எதிரே.
கிறிஸ்துமஸ் இரவு. விடுதியின் உள்ளறை.
வாத்தின் நெஞ்சில் செருகிய கத்தியை
உருவ மறந்து உட்கார்ந்திருக்கிறான் முதலாளி.
எதிர் நாற்காலியில்
ஏழு வருடக் கூலிபாக்கி கேட்டு வந்திருக்கும்
குதிரைலாயக்காரனின் ஆவி,
நீட்டிய உள்ளங்கையோடு.
தலையில், யாரோ கேலிக்குச் சூட்டியதுபோல்,
முள்முள்ளாய் ஹோலி இலை வளையம்.

கையுறை போட்டுத்தான் திறக்கிறேன்.
லீட்ஸ் நூலகத்தின் அடித்தளத்தில் அது விதி.
அந்த இலைகளில் பாஷாணம் இருக்கிறது,
நூற்றெழுபது வருடமாய், வீரியம் குறையாமல்.

ஆவியை யாரும் வரையவில்லை.
மரக்கட்டையில் அது உட்கார வேண்டிய இடத்தை
உளியால் தோண்டி எறிந்துவிட்டான் செதுக்குகிறவன்.
மை எட்டாத அந்தப் பள்ளம்
வெறுங்காகிதமாய் வந்து உட்கார்ந்து
சாப்பாட்டு மேசையைப் பார்க்கிறது.

மற்றதற்கெல்லாம் வர்ணம் உண்டு.
வர்ணம் பூசியவர்களின் கணக்கேடும்
அதே பெட்டியில் கிடந்தது:
கிளெர்கன்வெல், மாடியறை, ஒரே நீள மேசை.
கணப்பு நெருப்புக்கு டாம்சின்.
முதலாளியின் சிவப்பு அங்கிக்கு விதவை லஸ்க்.
பச்சைக்குக் கெசையா டிராண்டர், வயது பதினாறு.
நூறு தாளுக்கு மூன்று பென்ஸ்.
கெட்டுப்போன தாளுக்குப் பிடித்தம்.

இலையின் முள் சின்னது,
தூரிகை நுனி கூராக இருக்க வேண்டும்.
உதட்டில் வைத்து ஓர் உருட்டு,
பிறகு ஓர் இலை.
உருட்டு. இலை.
கடைக்குப் புத்தகம் போகும் நாள் நெருங்க நெருங்க
மெழுகுவர்த்திக்கும் பிடித்தம்.

டிசம்பர் பத்து: ‘கெசையா, வயிற்றுவலி, வரவில்லை.’
பதினான்கு: ‘வரவில்லை.’
பதினேழில் பெயர்மேல் ஒரு கோடு.
அதன் கீழே, பச்சைக்கு, மேபல் என்று யாரோ.
கெசையாவுக்குப் பாக்கி ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ்.
கொடுத்ததற்குக் குறிப்பில்லை.
ஏட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன்.

இதே பதிப்பில் ஏழு பிரதிகள் இங்கே.
ஆறில் ஆவியின் கை காலி.
ஏழாவதில், சரியாக உள்ளங்கை நடுவே,
பச்சையாய் ஒரு விரல் ரேகை.
பிடித்தத்துக்குத் தப்பி
எப்படியோ தைப்புக்குள் போய்விட்ட தாள்.

படிவம் கேட்கிறது: கறை. நீக்கவா, விடவா?
மேலாளர் கார்சைட் பேனாவைத் தட்டுகிறார்,
நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது,
பேருந்தைப் பிடிக்க வேண்டும் அவருக்கு.
‘விடவும்’ என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை.
பிறகு எழுதினேன்:
தொட்டால் ஆபத்து.

கையுறையைக் கழற்றிவிட்டு
இரண்டு முறை சோப்புப் போட்டேன்.
வாசல்கதவில் இந்த வருட வளையம்,
பிளாஸ்டிக், நல்ல பச்சை.
அதில் கை படாமல்
தோளால் தள்ளி வெளியே வந்தேன்.