சம்பளத்துக்கு ஒரு புள்ளி மிச்சம்

முழு லோரி கழித்தல் காலி லோரி
சமம் செம்பனைக் குலை.
ஒன்பது வருடமாக எனக்குத் தெரிந்த கணக்கு
இது ஒன்றுதான்.
இரண்டு லோரிக்கு நடுவே இருபது நிமிடம்,
சில ராத்திரி நாற்பது.
ஊத்தான் மெலிந்தாங் தூங்கும் அந்த இடைவெளியில்
குகைக்குள் இறங்குவோம்
நானும் ரொபியுலும்.

ரொபியுல் குலை இறக்கும் மேட்டில் வேலை.
அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது.
நடுவில் கிடக்கும் மலாயை
ஆளுக்கு ஒரு பக்கம் உடைத்துக்கொள்வோம்.
கைப்பேசி என்னுடையது,
முறை மட்டும் மாறி மாறி.
ஒரு அடி நான், ஒரு அடி அவன்.

செத்தால் செத்ததுதான், அதுதான் சட்டம்.
சேர்த்த கல், மருந்துக் குப்பி, பழக்கிய பிராணி
எல்லாம் போய்
முதல் தளத்தில் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.
அதுவும் பழைய குகை இல்லை.
போன தடவை கதவு இருந்த இடத்தில்
இந்தத் தடவை வாய் இருக்கும்.

மூன்றாம் தளத்தில் ஒரு தவளை கிடைத்தது.
மூன்று கண், முதுகில் பாசி.
சம்பளம் என்று பேர் வைத்தேன்.
மெதுவாக வரும், வந்தால் நிற்காது.
சொம்போலாம் என்றான் ரொபியுல்.
அர்த்தம் சொன்னதும்
கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

சொம்போலாம் எங்களை
நாற்பத்தேழு தளம் கூட்டிப்போனது.
தீச்சேவலை விழுங்கியது.
கண்ணாடி நண்டின் கொடுக்கை முறித்தது.
நாற்பத்தேழில்தான் அந்த நச்சுவேர்.

கடித்துவிட்டது.
உயிர் ஒரே ஒரு புள்ளி.
எதைச் செய்தாலும் முறை முடியும்போது
நஞ்சு அதையும் எடுத்துக்கொள்ளும்.
மருந்து தீர்ந்துவிட்டது, ஓட வழி இல்லை.
நாக்கால் ஓங்கி அடித்தால் வேர் முந்திச் சாகும்,
பட்டால்.
பத்தில் மூன்று தடவைதான் படும்.

முறை அவனுடையது.
அன்றைக்குப் பார்த்து ரொபியுலுக்குக் காய்ச்சல்.
டிங்கி என்று தெலுக் இந்தானுக்குக் கொண்டுபோனார்கள்,
ஆலை ஜீப்பின் பின்சீட்டில்,
போர்வைகூட இல்லாமல்.

பதினோரு நாள்
அந்தத் திரையை நான் தொடவில்லை.
இந்த விளையாட்டுக்கு ஒரு கருணை உண்டு,
நீ அடிக்காதவரை அதுவும் அடிக்காது.
வேர் வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.
தவளை மூச்சு வாங்கியபடி காத்திருக்கும்.
கார்த் தவணைக்காரன் காத்திருப்பானா?
ஆலையை விற்கப்போவதாக ஒரு பேச்சு,
அது எனக்கு முறையே தராமல்
தினம் ஒரு புள்ளி எடுக்கிறது.

லோரி வந்தது, நிறுத்தேன். போனது, நிறுத்தேன்.
சார்ஜர் வயரை டேப் போட்டு ஒட்டினேன்.
புது ஆட்டம் தொடங்க வேண்டியதுதானே
என்றாள் அக்கா மகள் தனுஜா.
ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.
ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால்
நீங்கள் அவருக்கு யார் என்று கேட்கிறார்கள்.
எடை பார்ப்பவள் என்றா சொல்வது?

பன்னிரண்டாம் ராத்திரி வந்தான்,
சட்டைக்குள் பாதி ஆள்.
எங்கள் மேடை
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும்,
அதிலேயே தெரிந்திருக்கும்.

கைப்பேசியை இரண்டு கையாலும் நீட்டினேன்.
பத்தில் மூன்று, யோசித்து அடி என்றேன்.
யோசிக்கவில்லை, பாவி.
பெருவிரலால் ஒரு தட்டு.
நாக்கு வேருக்குப் பக்கத்தில் காற்றை அடித்தது.
புள்ளி உதிர்ந்தது.
தவளை மல்லாந்தது.

பதினோரு நாள்டா என்றேன், தமிழில்.
தக் அப்பா, கக்கா என்றான்.
மாயின் லாகி.
அவனுக்குப் பசி. பொட்டலத்தைப் பிரித்து
மீன் தலையை என் பக்கம் தள்ளினான்.
கோபத்தில் அதை முழுசாகத் தின்றேன்.

முதல் தளம்.
மூன்று முட்டையில் ஒன்றை எடு என்கிறது.
முறை என்னுடையது.
வெளியே லோரி ஹாரன் அடிக்கிறது,
முன்சக்கரம் மேடையில் ஏறிவிட்டது.
அடிக்கட்டும்.