கூட்டு மனு

நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர் அறுபத்திரண்டு பேர்
மறியலில் கைதாகிக் கேப்பர் மலை ஏறி வந்தார்கள்.
இரண்டாம் நாள் உப்புமாவில் புழு.
தட்டைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.
மூன்று பேர் மட்டும் எழுந்து
அறுபத்திரண்டு பேருக்காகப் பேசினார்கள்.
மதியத்துக்குள் ஜெயிலர் இறங்கி வந்தார்.
சாயங்காலம் சுண்டல்.

நான் லத்தியோடு சுவரோரம் நின்றிருந்தேன்,
அன்றைக்குப் பதினாலாவது மணி நேரம்.

விடுதலையாகிப் போகும்போது ஒருவர் கேட்டார்:
"ஒங்களுக்கு யாரு சார் பேசுவா?"
கேட்டைப் பூட்டுகிற வேலை இருந்தது எனக்கு.

அப்புறம்தான் சலேத்து எழுதினான்.
அழகான கையெழுத்து அவனுக்கு.
"கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்..."
மறுநாளே திரும்பி வந்தது,
'நாங்கள்' மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம்.
கூட்டு மனு ஏற்பதற்கில்லை.

சூப்பிரண்டு கெட்ட மனிதர் இல்லை.
பரேடில் சொன்னார்:
"நாம எல்லாம் ஒரே குடும்பம்."
நாம் என்றால் அவரும் உள்ளே.
நாங்கள் என்றால் அவர் வெளியே.
இத்தனை சாவி இடுப்பில் தொங்குகிறது,
அந்த ஒரு கதவை மட்டும்
எங்களைச் சாத்தவிட மாட்டார்கள்.

சரி, தனித்தனியாகவே எழுதினோம்.
டவரில், கிச்சனில், ஆஸ்பத்திரி பிளாக்கில்,
கடல்காற்றில் பறக்காமல் தாளின் மேல் விசிலை வைத்து.
'எனக்கு வாரத்தில் ஒரு நாள் ஒய்வு தேவை.'
முப்பத்தொன்பது தாள். முப்பத்தொன்பது 'எனக்கு'.
வீரமுத்து தரவில்லை,
மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான்.
நாங்களும் கேட்கவில்லை.

ஆபீஸ் கிளார்க்தான் கண்டுபிடித்தார்:
முப்பத்தொன்பதிலும்
ஓய்வுக்குச் சுழி இல்லை.
"எவன்யா எழுதிக் குடுத்தது?"
பிழையை யாரும் தனியாக ஒப்புக்கொள்ளவில்லை.
ஆனாலும் பழைய மனுவின் கையெழுத்து
அவர்களிடம் இருந்தது.

சலேத்துக்குப் பாளையங்கோட்டை.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு
டூட்டி இல்லாத பதினோரு பேர் போனோம், மப்டியில்.
கூட்டமாக நிற்கக் கூடாதே,
ஆளுக்கொரு கடையில் டீ குடித்தோம்.
வீரமுத்துவும் வந்திருந்தான்,
பழக்கடை மறைவில்,
கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

பஸ் நகர்ந்ததும் கலியபெருமாள்
லாக்கப் பழக்கத்தில்
எங்கள் தலைகளை எண்ணினார்.
மறுபடியும் எண்ணினார்.
ஒன்று குறைந்தால் மணி அடிக்க வேண்டும்,
அது மட்டும் விதியில் இருக்கிறது.