எடைச் சீட்டு

சேகோ ஆலை எடைமேடையில்
மரவள்ளி லாரிகளுக்கு நடுவே ஏற்றினோம்.
ஐந்நூற்று முப்பது கிலோ.
சீட்டில், சரக்கு: கிழங்கு.

கதவு, பின்சீட்டு, கண்ணாடி
ஹாரன்கூடக் கழற்றியாயிற்று.
பெடலில் பதினெட்டு ஓட்டை போட்டேன்,
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பிட் மூன்று முறிந்தது.
மாருதிக் கூட்டுக்குள் பைக் எஞ்சின்;
செயினுக்கு இன்னும் எங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை.

இனி எதை எடுக்க என்றேன்.
சீட்டுக் கிழிப்பவர் எட்டிப் பார்த்தார்:
"உள்ள உக்காந்திருக்காரே, அவர."

எண்பத்தாறு கிலோ தமீம் இறங்கினான்.
சிரிக்கவில்லை.
இரண்டு வருடக் கடனும்
முழங்கை வெல்டிங் தழும்பும் கூடவே இறங்கின.
லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றி
தங்கை ரிஸ்வானாவிடம் நீட்டினான்.
அவள் நாற்பத்தொன்பது. ஹெல்மெட் பெரியது.
துப்பட்டாவை மடித்து உள்ளே திணித்தாள்.

ஞாயிறு காலை, ஏற்காடு அடிவாரம்.
போனவளைப் பார்க்க முடியாது,
கேட்கத்தான் முடியும்.
கியர் இறங்கும் ஒவ்வொரு வளைவுக்கும்
தமீம் ஒரு விரல் மடக்கினான்.
ஏழு. எட்டு.
ஒன்பதில் ஒரு தும்மல்;
கார்புரேட்டர், என் வேலை.
பிறகு வெறும் குரங்குச் சத்தம்.
பிறகு
பத்து.

பதினொன்றுக்கு விரல் தீர்ந்துபோய்
என் கையை இழுத்துக்கொண்டான்.