செவ்வாய்க்கிழமை என் முறை

எட்டே காலுக்குச் சுளவைத் தள்ளிவைத்து
மடியைத் தட்டிக்கொண்டு எழும்புவேன்.
தட்டினாலும் போகாத புகையிலைத் தூள்
கூடவே வரும்.
பிள்ளையார் கோயில் முக்கில்
கயிறு எனக்கு முன்னாலேயே வந்து கிடக்கும்.
கிணற்றுக் கயிறு. முடிச்சுக்கு ஒரு பிள்ளை.
பத்தொன்பது முடிச்சு.

முதல் முடிச்சு ரிஸ்வானாவுக்கு,
அவளுக்குத்தான் நிதானம் தெரியும்.
கடைசி முடிச்சு கொம்பையாவுக்கு,
அவனுக்கு எல்லாமே தெரிந்தாக வேணும்.
நாய் ஏன் நொண்டுகிறது,
நேற்று வாய்க்காலில் மிதந்த செருப்பு
இன்றைக்கு எந்த ஊர் மதகில் கிடக்கும்.
பின்னால் பிரம்மசக்தி,
பதினொன்றாம் வகுப்பு, அரசாங்கம் கொடுத்த சைக்கிள்,
கேரியரில் சின்னதுகளின் பை ஆறு.
"இம்புட்டு மெதுவா ஓட்டுனா விழுந்துருவேன் அத்தே."
இதுவரை விழுந்ததில்லை.

என் மகன் என் பக்கத்தில் நிற்பதில்லை.
அம்மா மேல புகையில நாறுது என்று
ஏழாவது முடிச்சுக்குப் போய்விட்டான்.
போகட்டும்.
அங்கிருந்தும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்.

போன ஆனி வரைக்கும் நயினார் ஆட்டோதான்.
பதிமூன்று பேர்.
டிரைவர் சீட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தன்,
பாதி உடம்பு உள்ளே, பாதி காற்றில்.
ரைஸ்மில் வளைவில் கொம்பையா உதிர்ந்தான்,
புளியம்பழம் மாதிரி.
ஒரு முன்பல்லோடு போச்சு.
அன்று ராத்திரி நயினார் வீடு வீடாக வந்தான்,
வண்டியை எடுக்காமல் நடந்தே வந்தான்.
"இனி ஆறு பேருக்கு மேல ஏத்தமாட்டேன் மதினி.
தூரத்துப் பிள்ளையளத் தாங்க.
கிட்டத்துல உள்ளதுக்கு நீங்க ஒரு வழி பாருங்க."
நாங்கள் அவனைத்தான் ஏசினோம்.

வழி என்ன வழி?
ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி.
காலையில் போக வர, சாயங்காலம் போக வர,
இருநூறு குறையும்.
ஆரு கூலிய ஆரு விடுவா?
எஸ்தர்தான் சொன்னாள்,
நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே:
"போறவளுக்கு மத்த நாலு பேரும்
ஆளுக்கு ரெண்டு கட்டு சுத்திப் போட்டா என்னட்டி?"
கட்டுக்கு இருபத்தைந்து.
எட்டுக் கட்டு. கணக்கு நேராச்சு.
சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் என்றால் மட்டும்
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம்.

முக்கூடல் மெயின் ரோட்டில்தான் உயிர் கையில்.
குவாரிக்கு அவசரம், ஜல்லிக்கு அவசரம்,
காலி லாரிக்கு எல்லாவற்றிலும் அவசரம்.
பழைய சுளவு ஒன்றுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து
தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.
முதல் வாரம் ஒருத்தனும் நிற்கவில்லை.
ஒருத்தன் மட்டும் தலையை நீட்டி,
"என்னக்கா, ரோட்டுல நெல்லு புடைக்கியளா?"
"ஆமால, உமியெல்லாம் பறந்து போகுது பாரு."
மறு செவ்வாய் அவன்தான் முதலில் நின்றான்.

பள்ளிக்கூட வாசலில் எண்ணுவேன், ரெண்டு தடவை.
விரல் பழகிய வேலை.
பீடிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை
ஒல்லி என்பான், ஓட்டை என்பான்,
கைப்பிடி அள்ளிக் கழிவில் தள்ளுவான்.
இந்தக் கட்டில் கழிவு கிடையாது.
மூக்கொழுகுகிற நம்பி,
தெரு முழுக்க அழுதுகொண்டே நடக்கிற ஜெபமணி,
ஒரு பல் குறைந்த கொம்பையா,
எல்லாம் சேர்த்தி.

திரும்பும்போது நான் தனி.
சுளவு கக்கத்தில், தூக்க மறந்துபோச்சு.
லாரி தானாகவே நின்றது.
"பிள்ளையள எங்கக்கா?"
"விட்டாச்சு, விட்டாச்சு."
நான் கடந்து முடிக்கும் வரை
அவன் கியரைத் தொடவில்லை.

சாயங்காலம் என் தட்டில் எட்டுக் கட்டு.
எஸ்தர் கட்டில் நூல் இறுக்கம்.
மும்தாஜ் கட்டில் வால் நீளம், எத்தனை சொன்னாலும்.
தொட்டாலே தெரியும் எது ஆரு முடிச்சென்று.
நாளைக்குப் புதன்.
மும்தாஜுக்கு நான் ரெண்டு கட்டு சுற்றவேண்டும்.